பிரஷர் குறையப் பகிடிப் படம்

ஒப்பரேஷனுக்கு முதல்நாள் ஆஸ்பத்திரி வாட்டில் என் கையில் பட்டியைச் சுற்றி பிரஷர் பார்த்த நேர்ஸ், இரண்டாம் தரமும் சுற்றிப் பார்த்தா. மூன்றாம் தரம் மற்றக் கையில் சுற்றினா. பிறகு என் முகத்தைப் பார்த்தா.

"ஐயா, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"வீட்டிலை ஒண்டுமில்லைப் பிள்ளை. பிரச்சினையை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்" என்று பிளாஸ்க்கோடு நின்ற மனிசியைக் காட்டினேன்.

பிள்ளை சிரிக்கவில்லை. மனிசி இருபத்தாறு வருஷமாய்ச் சிரிக்கிறதில்லை, அது கணக்கில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒராள் என் பகிடிக்குச் சிரிக்காவிட்டால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அன்றைக்கு உள்ளங்கால் வரைக்கும் வேர்த்தது. மெஷினில் மேல் இலக்கம் நூற்றித் தொண்ணூறு.

டொக்டர் வந்தார். வயதில் என்னைவிட இளையவர், முகம் மட்டும் பள்ளிக்கூட அதிபருடைய முகம்.

"இந்தப் பிரஷரோடை கத்தி வைக்கேலாது. குளிசையைக் கூட்டித் தாறன். மூண்டு கிழமையாலை வாற வியாழன் கிளினிக்குக்கு வாங்கோ. அதுக்குள்ளை குறைஞ்சால் உடனை திகதி போடலாம். குறையாட்டில் வரிசையிலை பின்னுக்குத்தான் போவியள். உங்கடை கட்டியைக் கனகாலம் விட்டுவைக்க எனக்கு விருப்பமில்லை."

கட்டி என் தொண்டைக்கு வலப்பக்கத்தில் இருந்தது. ஒரு சின்னத் தேசிக்காய் அளவு. அது நல்லதோ கெட்டதோ என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம்.

"என்ன செய்யிறனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"பகல்லை இரும்புச் சாமான் கடை. பின்னேரத்திலை மைக் பிடிச்சுப் பகிடி விடுறனான். கலியாண வீடு, விளையாட்டுப் போட்டி, எதெண்டாலும்."

"அப்ப லேசு. நியூஸ் பாக்கிறதை விடுங்கோ. நல்ல பகிடிப் படமாய் எடுத்துப் பாருங்கோ. மனசை லேசாய் வைச்சிருங்கோ."

ஓட்டோவில் வரும்போது மனிசி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தா. நானும் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தேன். உள்ளுக்குள் என்ன நடந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்: சோதனை ஒத்திவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி எனக்குச் சந்தோஷம்.

ஏனென்றால் போன மாதம் அதே டொக்டர் எனக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார். "குரலுக்குப் போற நரம்பு இந்தக் கட்டிக்குப் பக்கத்தாலைதான் போகுது. கவனமாய்த்தான் செய்வம். எண்டாலும் சொல்லவேணும், குரல் மாறலாம். சிலருக்குத் திரும்ப வரக் கொஞ்சம் காலம் எடுக்கும். சிலருக்குப் பழையபடி வராமலும் போகலாம்." மனிசி அந்த நேரம் வெளியில் மருந்துத் துண்டு எடுக்கப் போயிருந்தா. வந்து "என்னவாம்?" என்று கேட்டா. "சின்ன அலுவலாம்" என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த நரம்பு என் கழுத்துக்குள் இருந்து இறங்கி நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது.

கொக்குவிலில் ஒரு மதிலுக்கு மேலால் சொன்ன கதை அடுத்த மதிலுக்குப் போக அரை மணித்தியாலம் காணும். "டொக்டர் இவரைப் பகிடிப் படம் பாக்கச் சொன்னவர்" என்று மனிசி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது காலையில். பின்னேரம் ஆக்கள் வந்து வந்து வாசல் படலை திறந்தபடி.

எங்கள் பக்கத்தில் வருத்தம் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். பிஸ்கற் பெட்டி, தோடம்பழம், பால்மா ரின், இவைதான் வழக்கம். நீர்வேலி ஆக்களென்றால் ஒரு சீப்புக் கதலி. இந்த முறை அதோடு ஆளுக்கொரு பென்ட்ரைவும் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த பென்ட்ரைவில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது, மாறுப்படாமல் இருக்கவாம். கடை முதலாளி நூறு பகுதிக்கு மேல் ஓடிய ஆங்கிலத் தொடர் ஒன்றை முழுசாய்ப் பதிந்து அனுப்பியிருந்தார். வாழைத்தோட்டக்காரர் ஒருவர் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து, "தம்பி, இதைப் பாத்துச் சிரிக்காதவன் மனிசனே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முகத்துக்கு நேரே இருந்தார். படத்தைப் பார்க்க இல்லை. என்னைப் பார்க்க.

வழக்கமே அப்படித்தானே. தோடம்பழம் கொண்டுவருகிறவர் நாங்கள் ஒரு சுளை தின்னும்வரை எழும்பமாட்டார்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். ஊரில் எனக்குப் பகிடிக்காரன் என்று பெயர். உலகமே சிரித்த படங்கள், நாடகங்கள், தொடர்கள் எதைப்பற்றி யார் கதைத்தாலும், "ஓம் ஓம், அந்த இடம்! ஐயோ!" என்று வயிற்றைப் பிடித்துக்கொள்ளுவேன். முப்பது வருஷமாய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் முழுதாய்ப் பார்த்ததில்லை.

தொடக்கத்தில், சண்டைக் காலத்தில், கரண்ட் இல்லாததால் பார்க்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டில் ஜெனரேற்றர் போட்டுப் பார்த்தவன் அடுத்தநாள் ரியூஷன் கொட்டிலில் வந்து கதை சொல்லுவான். அவன் மற்ற ரியூஷனுக்குப் போனபிறகு அதையே நான் இன்னும் கொஞ்சம் உப்புப் புளி போட்டுச் சொல்லுவேன். அவனுக்குச் சிரித்ததைவிட எனக்குக் கூடச் சிரித்தார்கள். கரண்ட் வந்தது, ரிவி வந்தது, போனுக்குள்ளேயே படம் வந்தது. நான் பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். பொய். பயம். படத்தைப் பார்த்தால் ஒன்றில் அது என்னைவிட நல்லாயிருக்கும், அல்லது நான் இவ்வளவு காலமும் பிழையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தது தெரியவரும். இரண்டும் எனக்கு வேண்டாம்.

இப்படிப்பட்டவனுக்கு எழுதிக் கொடுத்த மருந்து இது.

முதல் கிழமை ஒரு மாதிரிச் சமாளித்தேன். ஆங்கிலத் தொடர் சுகம். அதில் பகிடி முடிந்தவுடன் பின்னால் ஒரு கூட்டம் சிரிக்கிற சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டவுடன் நானும் சிரித்துவிட்டால் சரி. ஆனால் கடை முதலாளி வந்திருந்த அன்றைக்குக் கொஞ்சம் முந்திச் சிரித்துவிட்டேன். அது பெண்பிள்ளை ஒருத்தி அழுகிற இடம். முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். "மருந்து கூடிப்போச்சுது போல" என்று மனிசியிடம் மெல்லமாய்ச் சொன்னார்.

படம் முடிய ஒவ்வொரு நாளும் மகள் பிரஷர் மெஷினைக் கொண்டுவருவாள். கம்பசில் படிக்கிறவள், எதையும் எழுதிவைக்காமல் விடமாட்டாள். குசினிக் கலண்டரில் படத்துக்கு எதிரே இலக்கம் போட்டாள். கறுப்பு வெள்ளை, நூற்றி எழுபது. ஆங்கிலத் தொடர், நூற்றி அறுபத்தெட்டு. பக்கத்து வீட்டு அக்காவின் மஞ்சள் நூல், நூற்றி எண்பது. அக்காவுக்கு முகம் செத்துப்போச்சு. தன்ரை படத்தாலைதான் எனக்கு ஏறினது என்று நினைத்து, அடுத்தநாள் ஒரு குடுவை முருங்கையிலைச் சாறு கொண்டுவந்து தந்தா.

இரண்டாம் கிழமை ஞாயிற்றுக்கிழமை, சேர்ச்சில் பூசை முடிந்த கையோடு குருநகரில் இருந்து என் கூட்டாளி வந்தான். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். கடற்தொழில். ஒரு பை நிறையத் திரளி மீனும், சேட் பொக்கற்றில் பென்ட்ரைவும். பின்னால் பக்கத்து வீட்டு அக்கா, வாழைத்தோட்டக்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். மீனுக்காகவோ படத்துக்காகவோ தெரியாது.

"மச்சான், உனக்கெண்டு தேடி எடுத்தது. நீ கலியாண வீடுகளிலை சொல்லுவியே, அந்த ஆட்டுக்குட்டிப் படம்!"

நான் மீன் பையை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போகப் பார்த்தேன், அவன் விடவில்லை.

கலியாண வீட்டில் இரண்டு சூட்கேஸ் மாறுப்படுகிற பழைய படம் அது. மாப்பிள்ளை வீட்டார் சபை நடுவில் கூறைச்சேலையை எடுக்க சூட்கேஸைத் திறப்பார்கள், உள்ளே இருந்து ஆட்டுக்குட்டி பாய்ந்து மணவறைக்கு மேலால் ஓடும். ஐயரின் தர்ப்பையைத் தின்னும். மைக்கில் ஆட்டுக்குட்டிச் சத்தத்தோடு அதை நான் இருபது வருஷமாய்ச் செய்கிறேன். புத்தூரில் ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையே சிரித்துத் தலைப்பாகை விழுந்தது. ஆனால் அந்த ஆட்டுக்குட்டி படத்தில் இருந்து வந்ததோ, ரியூஷன் கொட்டிலில் இருந்து வந்ததோ, என் வாயில் இருந்து வந்ததோ என்று எனக்கே தெரியாது.

படம் தொடங்கியது. சூட்கேஸ் மாறியது. அக்கா கதிரை நுனிக்கு வந்துவிட்டா.

"இப்ப வரும்" என்றார் வாழைத்தோட்டக்காரர்.

"பொறுங்கோ அண்ணை, அது கலியாணத்திலையல்லோ" என்றான் கூட்டாளி.

நான் சுவாமிப் படத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் எத்தனையோ விஷயம் கேட்டிருக்கிறேன். ஒரு ஆட்டுக்குட்டிக்காக மன்றாடியது அன்றைக்குத்தான். கலியாண வீடு வந்தது. மேளம் அடித்தது. சூட்கேஸைத் தூக்கி நடுவில் வைத்தார்கள். என் காதுக்குள் இரத்தம் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சூட்கேஸைத் திறந்தார்கள்.

உள்ளே பழைய உடுப்பு.

"இதிலை இல்லை. பேந்து வரும்" என்றான் கூட்டாளி, விட்டுக்கொடுக்காமல்.

பேந்தும் வரவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்வரைக்கும் ஐந்து பேர் ஆட்டுக்குட்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி நனைந்திருந்தேன். மகள் என் கையில் மெஷினைப் பூட்டினாள். நூற்றித் தொண்ணூற்றாறு.

"அப்பா" என்றாள். "நீங்கள் இந்தப் படம் பாக்கேல்லை."

"சின்னனிலை பாத்தது பிள்ளை. அது வேறை பிரதி போலை."

"மற்றதுகளும் பாக்கேல்லை. நேற்றைய படத்திலை முடிவு வரேக்கை நீங்கள்தான் முதல் ஆளாய்த் திடுக்கிட்டனீங்கள்."

அக்கா மெதுவாய் எழும்பினா. "தம்பி இளைப்பாறட்டும்" என்றா. வாழைத்தோட்டக்காரரும் எழும்பினார். இருபது வருஷப் பெயர் ஒரு பின்னேரத்தில் படலையைத் தாண்டிப் போவதை நான் கதிரையில் இருந்து பார்த்தேன்.

கூட்டாளி மட்டும் போகவில்லை. முற்றத்தில் மோட்டச்சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"விசரா, படம் பாக்கேல்லையெண்டால் பாக்கேல்லையெண்டு சொல்லலாமே. ஆர் உன்னைத் தூக்கிலை போடப்போறாங்கள்? உன்ரை ஆட்டுக்குட்டி இல்லாமல் அந்தப் படம் சப்பெண்டு கிடக்குது."

நான் பேசாமல் நிற்பதை அவன் அதற்கு முதல் கண்டதில்லை.

"என்னடா?"

"கட்டியை எடுத்தால் குரல் போகலாமாம்" என்றேன். "நரம்பு பக்கத்திலை போகுதாம்."

பகிடி என்று நினைத்து அவன் வாய் ஒருக்கால் சிரிக்கத் தொடங்கி நின்றுவிட்டது.

"மனிசிக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப உன்ரை பிரஷர் படத்தாலை ஏறேல்லையடா" என்றான். சைக்கிளை மிதித்து ஸ்ராட் பண்ணினான். "நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துறன். நீ மனிசிட்டைச் சொல்லு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு வேலை செய்வம்."

அவன் தன் வேலையைச் செய்திருப்பான். நான் செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்ல வாய் திறந்தேன். ஒவ்வொரு நாளும் பகிடிதான் வந்தது.

வியாழக்கிழமை வந்தது. கிளினிக் மண்டபத்தில் எனக்கு முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் கழுத்தில் ஏதோ ஒன்று. மனிசி கிளினிக் கொப்பியை வரிசையில் வைத்துவிட்டு மருந்துத் துண்டு விசாரிக்கப் போனா. சுவரில் ஒரு ரிவி ஓடிக்கொண்டிருந்தது. பகிடிப் படம், ஆனால் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் புத்தூரில் இருந்து வந்த ஒரு அம்மா. கழுத்தில் என்னுடையதைவிடப் பெரிய கட்டி. கைலேஞ்சியை முறுக்கிப் பிழிந்தபடி இருந்தா.

"தம்பி, உவன் என்ன சொல்லுறான்?" என்று ரிவியைக் காட்டிக் கேட்டா.

ரிவியில் ஒரு தடியன் ஒரு மெல்லியவனின் மூக்குக்கு நேரே விரலை நீட்டிக்கொண்டு நின்றான். அந்தப் படத்தையும் நான் பார்த்ததில்லை. "எனக்குத் தெரியாது அம்மா, நான் பாக்கேல்லை" என்றேன். முப்பது வருஷத்தில் முதல்தரமாய் அந்த வசனம் என் வாயால் வந்தது. அம்மாவின் முகம் விழுந்துபோனது. அவ தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. பயத்துக்குக் கேட்டிருக்கிறா. எனக்கு அந்தப் பயத்தின் மணம் தெரியும்.

"பொறுங்கோ" என்றேன். "உவன் சொல்லுறான், நாற்பத்தோராம் நம்பர் நான்தான், நீ பின்னுக்குப் போ எண்டு."

அம்மா என்னைப் பார்த்தா.

"மற்றவன்?"

"மற்றவன் சொல்லுறான், அண்ணை, நான் நோயாளி இல்லை, நான்தான் டொக்டர், என்னை உள்ளை விடுங்கோ எண்டு."

அம்மாவின் தோள் குலுங்கியது. முன்வாங்கில் இருந்த ஒரு ஐயா திரும்பினார். தடியன் மெல்லியவனின் சேட்டைப் பிடித்தான். தடியனுக்கு அடித்தொண்டையில் ஒரு குரலும் மெல்லியவனுக்கு மூக்கால் ஒரு குரலும் கொடுத்தேன். ஒரு கிழவி கதவால் வந்தா, அவவுக்கு ஒரு குரல். மூன்று வாங்கு திரும்பிவிட்டது. கட்டு போட்ட கழுத்தோடு ஒருவர் கழுத்தைத் திருப்ப ஏலாமல் உடம்பையே திருப்பிக்கொண்டு கேட்டார். எதையும் யோசிக்கவில்லை. வாய் அசைகிற இடத்தில் எல்லாம் குரலைப் போட்டேன். கடைசித் தரமென்றால் இதுவாய் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

"சத்தம் போடாதேங்கோ" என்று வாசலில் நின்ற ஊழியர் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்தக் கிழவி என்ன சொன்னவ?" என்று கேட்டார்.

அந்த நேரம்தான் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பட்டி இறுகியது, தளர்ந்தது. நேர்ஸ் சிரித்தா. "நூற்றி முப்பத்தெட்டு. நல்லாய்க் குறைஞ்சிருக்கு ஐயா."

குறையாது என்ற நம்பிக்கையில்தான் வீட்டை விட்டு வெளிக்கிட்டிருந்தேன். "மற்றக் கையிலையும் ஒருக்கால் பாருங்கோ பிள்ளை" என்றேன். பார்த்தா. அதிலும் நூற்றி முப்பத்தெட்டு. சாட்டுச் சொல்ல இனி எனக்கு மூன்றாவது கை இல்லை.

டொக்டருக்கு முன்னால் நானும் மனிசியும் இருந்தோம். திங்கட்கிழமைக்குத் திகதி போட்டார். கடதாசியைத் தள்ளினார்.

"வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ. குரல் விஷயம் உங்களுக்கு முதலே சொன்னனான்தானே."

மனிசி திரும்பினா. "என்ன குரல் விஷயம்?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கடதாசியைப் பார்த்தேன். பிறகு டொக்டர்தான் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார், நரம்பு, பக்கம், காலம், பழையபடி வராமலும் போகலாம் என்பது. கேட்டு முடிய மனிசி கதிரையை என் பக்கம் திருப்பினா.

"அப்ப இவ்வளவு நாளும் உதையோ வயித்துக்குள்ளை வைச்சிருந்தனீங்கள்?"

"வயித்துக்குள்ளை இல்லையப்பா, கழுத்துக்குள்ளை" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் அது பகிடியாய்க் கேட்கவில்லை.

"எனக்குப் பயமாய்க் கிடக்குது" என்றேன். டொக்டருக்கு முன்னால். மனிசிக்கு முன்னால். பின்னால் ஒரு பகிடியை வாலாய் ஒட்டாமல்.

அவ தோள்பையைத் திறந்து ஒரு பேனையை எடுத்து மூடியைக் கழற்றி என் கையில் வைத்தா. "வையுங்கோ கையெழுத்தை. குரல் போனால் உங்களுக்கும் சேத்து நான் கதைப்பன். எனக்கு அது பாரமில்லை."

வைத்தேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாத மாதிரி விழுந்தது.

திங்கட்கிழமை காலையில் கொண்டுபோனார்கள். அதைப்பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை, நான் நித்திரை. கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, பக்கத்தில் குழாய், தொண்டைக்குள் மணல் கொட்டின மாதிரி. டொக்டர் குனிந்தார். அவருக்குப் பின்னால் மனிசி நின்றா. பின்னேர வெளிச்சம் யன்னலால் அவவின் தோளில் விழுந்திருந்தது.

"ஒரு சொல்லுக் கதையுங்கோ பாப்பம். நோவு இருக்கோ?"

அந்தக் கேள்விக்கென்று மூன்று பகிடி தயார்பண்ணி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்று வந்தது. மனிசியின் கை கட்டில் கம்பியை இறுக்கியது. திரும்பத் திறந்தேன்.

"ஓம்."

அது என் குரல் இல்லை. துருப்பிடித்த படலை திறக்கிற சத்தம். ஆனாலும் அது காற்று இல்லை, சத்தம்தான்.

"காணும்" என்றார் டொக்டர். "நரம்பு வேலை செய்யுது. மிச்சம் மெல்ல மெல்ல வரும். எவ்வளவு வருமெண்டு இப்ப சொல்லேலாது. கட்டியின்ரை றிப்போட்டும் வர ரெண்டு கிழமை எடுக்கும். இண்டைக்கு இனிக் கதைக்காதேங்கோ."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மனிசி கதிரையை இழுத்து என் காதோரம் இருந்தா.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்றா.

டொக்டர் கதைக்கவேண்டாம் என்றதை அவவுக்குக் கையால் காட்டினேன்.

"தெரியும். மெல்லமாய்ச் சொல்லுங்கோ."

கலியாணம் கட்டின நாளில் இருந்து நான் ஓம் என்று சொன்னதை அவ திருப்பிக் கேட்டது அன்றைக்குத்தான். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டா.